மூன்றாண்டு உத்தரவாதம்

எமது பாட்டனார் மண்பானை வாங்கப் புறப்பட்டாரானால் அதனைக் கண்ணால் மாத்திரம் பார்த்து வாங்குபவரல்லர். சுன்னாகம் சந்தையிலே குவித்து வைத்திருக்கும் பானைகளுள் ஒன்றைத் தூக்கி, இடக்கையில் ஏந்தி, வலக்கை விரலை மடக்கி அதன் வயிற்றிலே தட்டுவார். காதருகே வைத்து ஒலியைக் கேட்பார். 'டங்' என்றால் எடுத்துக்கொள்வார். 'டப்' என்றால் கீழே வைத்துவிடுவார். விற்பவளும் அதற்காகக் கோபித்ததில்லை. ஆறேழு பானைகளைத் தட்டிப் பார்த்தபின் ஒன்றுமே வாங்காமல் திரும்பிய நாட்களும் உண்டு. வாங்கிய பானை உலையேற்றிய அன்றே கசிந்தால், அடுத்த சந்தை நாளில் அதைக் கொண்டுபோய் அவள் முன்னே வைப்பார். மாற்றுப் பானை கிடைக்கும். சில வேளைகளில் அதனோடு நாலு வார்த்தையும் கிடைக்கும்.

இன்று நாம் பொருள் வாங்கும் கடைகள் சிலவற்றுக்கு வாசற்படியே இல்லை. படத்தைப் பார்க்கின்றோம், பணத்தைக் கட்டுகின்றோம், இரண்டொரு நாளில் ஓர் இளைஞர் மோட்டார்ச் சைக்கிளில் வந்து பொதியை நீட்டிவிட்டுப் போகின்றார். தட்டிப் பார்ப்பதற்கு வழியில்லை. தட்டிப் பார்த்தாலும் கணினி உறுப்புக்கள் ஒலி எழுப்பித் தம் குறையைச் சொல்லிவிடப் போவதில்லை. அதற்கு ஈடாக எமக்குக் கிடைப்பது உத்தரவாதம் என்னும் ஒரு சொல். அச்சொல்லின் பெறுமதி என்ன என்பதே இவ்வாரம் எமது வீட்டிலே எழுந்த பேச்சு.

பேச்சைத் தொடக்கி வைத்தவர் எம்மிடம் முன்பு பயின்ற மாணவர் ஒருவர். இப்போது பல்கலைக்கழகத்திலே படிக்கின்றார். கணினியைப் பற்றி நாமறிந்ததிலும் பன்மடங்கு அறிந்தவர். கையிலே ஒரு சிறு பொதியோடு வந்தார். உள்ளே 'றாம்' எனப்படும் நினைவகத் துண்டுகள் இரண்டு. 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே கொழும்புக் கடையொன்றிலிருந்து இணையத்தின் மூலம் வருவித்தவை, உத்தரவாதம் மூன்றாண்டு. அவற்றுள் ஒன்று பழுதாயிற்று. கடைக்கு அறிவித்தார். கடைக்காரர் மறுக்கவில்லை. "அந்தப் பொருள் இப்போது கையிருப்பில் இல்லை. நீங்கள் கட்டிய பணத்தைத் திருப்பித் தருகிறோம்" என்றாராம்.

கேட்பதற்கு நியாயம் போலவே தோன்றுகிறதன்றோ? ஆனால் 2025 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறத் தொடங்கியது. அன்று அவர் கட்டிய பணத்துக்கு இன்று அதே துண்டு கிடைப்பதாயில்லை. "சேர், காசை வாங்கிறதா, மாட்டன் எண்டு சொல்லுறதா?" என்பது அவருடைய வினா.

விடை கூறுமுன், 2022 ஆம் ஆண்டிலே எமக்கு நேர்ந்ததை அவருக்குச் சொன்னோம். அதையே வாசகர்களுக்கும் சொல்லுகின்றோம்.

அவ்வாண்டு ஜனவரி மாதத்திலே, எமது வீட்டுப் பழைய கணினிக்குப் புத்துயிர் ஊட்டுவதென்று முடிவு செய்தோம். அதன் ஆளியை அழுத்திவிட்டுத் தேநீர் அருந்தி வந்தாலும் அது கண் விழித்திராது. உள்ளே சுழலும் வன்தட்டை நீக்கி, 'எஸ்.எஸ்.டி.' என்னும் சுழலாத சேமிப்புத் தட்டைப் பொருத்தினால் வேகம் கூடும் என்று மூத்த மகன் கூறினான். உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்தவன். அவன் சொல்லும் செலவுகளுக்கெல்லாம் அந்தப் பரீட்சையே காரணமாக அமைந்துவிடும். இருந்தும் இதில் உண்மை இருந்தது. கொழும்பிலுள்ள ஒரு கடையின் இணையப் பக்கத்திலே 16,500 ரூபாவுக்குத் தட்டொன்றும், கூடவே ஒரு விசைப்பலகையும் வாங்கினோம். தட்டுக்கு மூன்றாண்டு உத்தரவாதம் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

பற்றுச்சீட்டின் பின்புறத்திலே எறும்பு ஊர்ந்தாற்போலச் சிற்றெழுத்துக்கள். அவற்றை நாம் அன்று படிக்கவில்லை. பரீட்சை மண்டபத்திலே பிள்ளைகளை நோக்கி "அறிவுறுத்தல்களை முதலில் வாசியுங்கள்" என்று ஆண்டுதோறும் சொல்லி வருபவர் நாம்! பின்னர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தபோது கண்டவை இவை: கருகிய அடையாளம் இருந்தால் உத்தரவாதம் இல்லை, உடைவு, துரு, நீர் பட்ட தடம் இருந்தால் இல்லை, இடி மின்னலாலும் மின்னழுத்த ஏற்றத்தாழ்வாலும் நேர்ந்த பழுதுக்கு இல்லை, தொடரிலக்கச் சீட்டுக் கிழிந்திருந்தால் இல்லை, தட்டிலுள்ள தரவுகளுக்குக் கடை பொறுப்பில்லை. விசைப்பலகைக்கு ஓராண்டு உத்தரவாதம். ஓராண்டு என்பது 350 நாள் என்று அடியிலே ஒரு குறிப்பு. மீதிப் பதினைந்து நாளை எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கழித்தார்களோ, அறியோம்.

அந்தப் பற்றுச்சீட்டும் தட்டு வந்த சிறு பெட்டியும் பிழைத்தது எமது இல்லத்தரசியின் புண்ணியத்தால். பெட்டி வடிவாயிருக்கிறதென்று அதனுள்ளே தையலூசிகளைப் போட்டு வைத்திருந்தார். பற்றுச்சீட்டு அதன் அடியிலே மடிந்து கிடந்தது.

ஜூன் மாதத்து நடுவிலே ஒரு காலை, கணினி விழிக்க மறுத்தது. கரிய திரையிலே, தொடங்குவதற்கு உரிய தட்டு எதுவும் இல்லை என்னும் பொருள்பட ஒரே ஒரு வரி. பழைய வன்தட்டுக்கள் சாகுமுன் நோயாளி போல முனகும். 'டிக், டிக்' என்று ஒலி எழுப்பும். எஸ்.எஸ்.டி.க்களோ பல வேளைகளில் முன்னறிவிப்பின்றியே போய்விடுகின்றன. மகன் வடத்தை மாற்றினான். பொருத்தும் துளையை மாற்றினான். அயல் வீட்டுக் கணினியிலே போட்டுப் பார்த்தான். எங்கும் அதே நிலை. பழைய வன்தட்டை மீண்டும் பொருத்தியபோது எமது கணினி எப்போதும் போல மெதுவாக, ஆனால் ஒழுங்காக, இயங்கிற்று. ஆகவே குற்றம் தட்டிலேதான் என்பது தெளிவாயிற்று. இந்தச் சோதனைகளை எந்தெந்த நாளில், எந்தெந்த வரிசையில் செய்தோம் என்று மகனைக் கொண்டு ஒரு தாளிலே எழுதுவித்தோம். விஞ்ஞான ஆய்வுகூடத்துப் பழக்கம். அத்தாள் பின்னர் எமக்குக் கைகொடுத்தது.

அந்த நாட்கள் எத்தகையவை என்பதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மார்ச் மாத இறுதியிலே ஒரு நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு. ஜூன் 28 ஆம் திகதி முதல் அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் என்றாயிற்று. பாடசாலைகள் பல மூடப்பட்டுப் பாடங்கள் இணையத்துக்கு மாறின. வீட்டிலே கணினி இல்லாதிருப்பது அப்போது ஆசிரியருக்கும் இடர், மாணவனுக்கும் இடர்.

கடைக்குத் தொலைபேசியிலே பேசினோம். மறுமுனையிலே பணிவான ஓர் இளைஞர். தமிழிலேயே பேசினார். விவரங்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டபின், "சேர், யூ.பி.எஸ். பாவிச்சீங்களா?" என்று கேட்டார். மின்வெட்டு நேர்ந்தவுடன் கணினியை அணையவிடாமல் சில நிமிடம் தாங்கி நிற்கும் மின்கலப் பெட்டி அது. எம்மிடம் ஒன்று இருந்தது. அதன் மின்கலம் ஏப்பிரலிலேயே செத்துவிட்டது. மாற்று மின்கலத்தின் விலையைக் கேட்டு மலைத்துப் பேசாமல் இருந்துவிட்டோம். "வீட்டில் பார்த்துச் சொல்லுகிறேன், தம்பி" என்று தொலைபேசியை வைத்தோம். உண்மையில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை.

மகன் அருகிலேயே நின்றான். "அப்பா, யூ.பி.எஸ். இருந்தது எண்டு சொல்லுங்கோ. இருந்ததுதானே? பற்றரி செத்தது ஆருக்குத் தெரியப்போகுது?" என்றான்.

அவன் சொன்னதிலே ஒரு சாமர்த்தியம் உண்டு. பெட்டி இருந்தது என்பது பொய்யன்று. மேசையின் கீழேதான் இருந்தது. 16,500 ரூபா என்பது அம்மாதத்திலே எமக்குச் சிறு தொகையுமன்று. அரிசி, பால்மா, எரிவாயு யாவும் விலையேறி நின்ற காலம். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று எமக்கு உடனே தோன்றிற்று என எழுதினால் அதுவே பொய்யாகும். அன்று மாலை வரை நாம் மீண்டும் பேசவில்லை.

மாமனார் எம்முடன் வசிப்பவர். தபாலதிபராயிருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் அறத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "தம்பி, ஒரு பொய்யை எழுதினால் அதைக் காப்பாற்ற இன்னும் நாலு கடிதம் எழுதவேணும். முத்திரைக் காசும் வேணும்" என்றார். மறுநாட் காலை கடை இளைஞரை அழைத்து, யூ.பி.எஸ். வேலை செய்யவில்லை என்பதை உள்ளபடி கூறினோம். சிறிது நேரம் மௌனம். "அப்ப சேர், ரெக்னீஷியன் பார்த்துத்தான் சொல்லவேணும்" என்றார். மகனின் முகத்தை நாம் பார்க்கவில்லை.

தட்டை அனுப்புமுன் இன்னொரு தடை எழுந்தது. அது எம் மனத்தை இன்றும் முழுதாக விட்டு நீங்கவில்லை.

அத்தட்டிலே எமது வகுப்புக்களின் புள்ளிப் பட்டியல் இருந்தது. நூற்றிருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பெயர்கள், புள்ளிகள், பெற்றாரின் தொலைபேசி இலக்கங்கள். சில பிள்ளைகளின் வீட்டு நிலைமையைப் பற்றி அதிபருக்கு எழுதிய குறிப்புக்களும் இருந்தன. நல்ல நிலையிலுள்ள தட்டாயின் அனுப்புமுன் யாவற்றையும் அழித்துவிடலாம். இதுவோ கணினியின் கண்ணுக்கே தென்படாத தட்டு. அழிப்பதற்கு வழியில்லை. ஆனால் எமக்குத் தெரியாத ஒன்று வேறொருவருக்கும் தெரியாது என்று சொல்லலாமா? தகுந்த கருவிகள் உள்ளவர் அதன் சில்லுகளிலிருந்து எதையேனும் எடுக்கக்கூடும். பிறர் விவரங்களைக் காக்கும் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கமாக, அந்த மார்ச் மாதத்திலேதான் எமது பாராளுமன்றத்திலே நிறைவேறியிருந்தது. அதன் கடப்பாடுகள் அப்போது நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. ஆயினும் பிள்ளைகளின் விவரம் எம்மை நம்பித் தரப்பட்டது என்பதற்குச் சட்டம் வேண்டுமா?

எமது தாயாரின் பழைய படங்களும் அதிலே இருந்தன. தரவு மீட்பவர்களைக் கேட்டோம். தட்டைத் திறக்க வேண்டிவரும் என்றார்கள். திறந்தால் உத்தரவாதம் போய்விடும். கூலியோ தட்டின் விலையைப் போலப் பன்மடங்கு. படங்களிற் பெரும்பாலானவற்றை இலண்டனிலுள்ள மைத்துனருக்கு முன்பே அனுப்பியிருந்தமையால் அவை தப்பின. மகனின் ஈராண்டுக் குறிப்புக்களிலே பாதி போயிற்று. உத்தரவாதம் தட்டைத்தான் திருப்பித் தரும். தட்டிலே இருந்ததைத் தராது. இதை மாணவ நேயர்கள் மனத்திற் கொள்வார்களாக.

திரும்பப்பெறும் தட்டுக்களை என்ன செய்வீர்கள் என்று கடையை எழுத்திலே கேட்டோம். இறக்குமதியாளருக்கு அனுப்புவதாகவும், உள்ளடக்கத்தை எவரும் பார்ப்பதில்லை என்றும் இரண்டு வரியிலே மின்னஞ்சல் வந்தது. அந்த இரண்டு வரியை நம்பி அனுப்பினோம். அனுப்பாமல் சுத்தியலால் நொறுக்கியிருக்க வேண்டும் என்று சொல்லும் நண்பரும் எமக்குண்டு. அவர் கூற்றை மறுக்க எம்மால் இயலவில்லை. அதன்பின் எமது தட்டுக்கள் யாவற்றையும் கடவுச்சொல் இன்றித் திறக்க முடியாதபடி மறையாக்கம் செய்தே பயன்படுத்துகின்றோம். அதற்கான வசதி இக்காலக் கணினிகளிலே பெரும்பாலும் உண்டு.

பொதி கட்டும் பொறுப்பை மாமனார் ஏற்றுக்கொண்டார். தையலூசிகள் இடம் மாறின. தட்டை அது வந்த பளபளப்பான நிலைமின் தடுப்புப் பைக்குள்ளே இட்டு, பெட்டிக்குள் வைத்து, அதைச் சுற்றிப் பழைய பத்திரிகையைக் கசக்கி அடைத்து, வேறொரு பெட்டிக்குள்ளே அமர்த்தினார். குலுக்கிப் பார்த்தார். ஓசை வந்தது, மறுபடி அவிழ்த்துக் கட்டினார். கட்டுமுன் தட்டின் இரு புறங்களையும் தொடரிலக்கம் தெரியப் படமெடுத்தோம். கடிதம் ஒன்றும் உள்ளே வைத்தோம்: வாங்கிய திகதி, பற்றுச்சீட்டு இலக்கம், தொடரிலக்கம், பழுது தோன்றிய நாள், செய்த சோதனைகள், யூ.பி.எஸ். இல்லாதிருந்தமை. அக்கடிதத்தின் பிரதியைப் பதிவுத் தபாலிலும் தனியாக அனுப்பவேண்டும் என்பது மாமனாரின் ஆணை. தொலைபேசிப் பேச்சு அவருக்குப் பேச்சே அன்று.

கொழும்புக்குப் பொதி போய்ச் சேர எட்டு நாள் பிடித்தது. கூரியர்க்காரரைக் குறை சொல்வதற்கில்லை. வண்டிக்கு எண்ணெய் இல்லை.

ஜூலை மாத இறுதியிலே பதில் வந்தது. 'மின்னழுத்த ஏற்றத்தாழ்வால் ஏற்பட்ட பழுது. உத்தரவாதம் செல்லாது.' மகன் எம்மைப் பார்த்தான். வாயாற் சொல்லவில்லை என்பதுதான் மிச்சம்.

இவ்விடத்திலே பொருளின் உள்ளமைப்பைச் சற்றே விளக்கவேண்டும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ற்று மின்சாரம் நேரே தட்டுக்குப் போவதில்லை. கணினியின் மின்வழங்கிப் பெட்டி அதனை வாங்கி, எமது தட்டு போன்றவற்றுக்கு 5 வோல்ற்றாகக் குறைத்துக் கொடுக்கின்றது. வெளியே மின்னழுத்தம் கூடித் தாக்கினால் முதலில் அடிபடுவது பெரும்பாலும் அந்தப் பெட்டியே. அதைத் தாண்டி உள்ளே புகுந்தாலும் தட்டை மாத்திரம் தேடிப் பிடித்து அடிக்குமா? எமது கணினியிலே மின்வழங்கியும் தாய்ப்பலகையும் நினைவகமும் பழைய வன்தட்டும் நலமாயிருந்தன. தட்டிலே கருகிய தடமும் இல்லை.

மின்வெட்டு என்பது வேறு. எஸ்.எஸ்.டி.யின் உள்ளே, எந்தத் தரவு எந்தச் சில்லில் எவ்விடத்தில் இருக்கின்றது என்பதற்கு ஒரு வரைபடம் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும் வேளையிலே மின்சாரம் அறுந்தால் அவ்வரைபடம் குலையக்கூடும். குலைந்தால் தட்டு தன்னையே மறந்துவிடும். பெருநிறுவனங்களின் தரவு நிலையங்களுக்கென்று செய்யும் தட்டுக்கள் பலவற்றிலே, மின்சாரம் போனபின்னும் எழுதி முடிக்கச் சில கணம் தாங்கும் மின்கொள்ளளவிகளை வைக்கின்றார்கள். வீட்டுக்கென்று விற்கும் மலிவான தட்டுக்களில் அவை பெரும்பாலும் இல்லை. எமது தட்டு அவ்வாறு இறந்திருக்கலாம். நேர்மையாகச் சொன்னால், அவ்வாறு இருக்கலாம் என்றே நாம் எண்ணுகின்றோம்.

அப்படியாயின் பிழை யாருடையது? வீட்டுப் பாவனைக்கென்று இந்நாட்டிலே விற்கப்பட்ட பொருள், இந்நாட்டு வீடுகளிலே நிகழும் மின்தடையைத் தாங்கவேண்டாமா? 'யூ.பி.எஸ். உள்ள வீடுகளுக்கு மாத்திரம்' என்று விற்பனைப் பக்கத்திலே எங்கும் எழுதப்படவில்லை. விதிகளிலே சொல்லப்பட்டது மின்னழுத்த ஏற்றத்தாழ்வு, மின்தடை அன்று. ஆகவே, எந்தச் சோதனையைக் கொண்டு மின்னழுத்தமே காரணம் என்று முடிவு செய்தீர்கள் என, அவர்களுடைய பரிசோதனை அறிக்கையின் பிரதியைக் கேட்டு எழுதினோம்.

எம்மிடம் படித்துச் சட்டத்தரணியான ஒருவர் கடிதத்தைப் பார்த்துத் தந்தார். அவர் எடுத்துக்காட்டியவை இரண்டு. ஒன்று, 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். இன்ன வகைப் பொருள் என்று விவரித்து, அவ்வகைப் பொருளையே வியாபாரமாகச் செய்பவர் விற்கும்போது, அது வணிகத் தரமுடையது என்னும் நிபந்தனை எழுதப்படாமலே அதனுள் அடங்கும் என்கிறது அது. பாட்டனாரின் பானைக்கும் எமது தட்டுக்கும் சட்டம் ஒன்றே. மற்றது, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றி முறையிட அதன் 13 ஆம் பிரிவு இடமளிக்கின்றது. அதிகார சபை விசாரித்து, இழப்பீடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பவோ கட்டளையிடலாம்.

மகிழ்ச்சியோடு அடுத்த வரிக்குப் போனோம். முறைப்பாடு எழுத்திலே, விற்பனை நிகழ்ந்து மூன்று மாதத்துக்குள் செய்யப்படவேண்டும்! ஜனவரியிலே வாங்கிய தட்டு ஜூனிலே செத்தது. உத்தரவாதம் மூன்றாண்டு, முறையிடும் வாசல் மூன்று மாதம். நான்காம் மாதத்திலே பழுதாகும் பொருளுடையவன் வழக்கு மன்றத்தை நாடவேண்டும். 16,500 ரூபாவுக்கு யார் வழக்காடுவார்?

இலண்டன் மைத்துனர் இதைக் கேட்டுச் சிரித்தார். அங்கே 2015 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பொருள் கையளித்து ஆறு மாதத்துக்குள் பழுது தோன்றினால் அது தொடக்கத்திலேயே இருந்த பழுது என்றே கொள்ளப்படும். அவ்வாறன்று என்று காட்டும் பொறுப்பு விற்றவருடையது. எமது தட்டு ஐந்தாம் மாதத்திலே பழுதாயிற்று. அங்கே வாங்கியிருந்தால் அந்தப் 'பரிசோதனை அறிக்கை' நாம் கேட்காமலே வந்திருக்கும். இங்கேயும் இப்படியொரு விதி இருத்தல் வேண்டும் என்பதே எமது கருத்து. ரெக்னீஷியனின் ஒற்றை வரிக்கு முன்னே வாங்கியவன் எதைக் கொண்டு வாதாடுவான்?

எமது கடிதத்துக்குப் பரிசோதனை அறிக்கை வரவில்லை. ஆனால் ஓகஸ்ட் மாத இறுதியிலே கடையின் குரல் மாறிற்று. "சேர் உண்மையைச் சொன்னபடியால் முதலாளி ஒருக்கா யோசிச்சவர்" என்றார் அதே இளைஞர். உண்மையைச் சொன்னதாலா, பதிவுத் தபாலைக் கண்டதாலா என்பது எமக்கு இன்னும் விளங்கவில்லை. மகன் இரண்டாவதே என்கிறான். கட்டிய 16,500 ரூபாவையும் திருப்பித் தருவதாகக் கூறினார்கள்.

இல்லத்தரசி உடனே வாங்கச் சொன்னார். எமக்கும் அந்த ஆசை எழுந்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்திலே ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபாவை எட்டியிருந்தது. அதே கடையின் அதே பக்கத்திலே அதே தட்டின் விலை இப்போது 31,900 ரூபா. திருப்பித் தரும் பணத்தால் அரைத் தட்டுத்தான் வாங்கலாம். அரைத் தட்டு என்று ஒன்று விற்பனைக்கு இல்லை.

கடைக்காரர் பக்கத்தையும் எண்ணிப் பார்த்தோம். அந்நாட்களிலே அவருக்கும் இடர்தான். 16,500 ரூபா வாங்கியவர் 31,900 ரூபாப் பொருளைக் கொடுக்கவேண்டும் என்றால் மனம் பொறுக்குமா? ஆனால் உத்தரவாதம் என்பது ஒரு சங்கிலி. கடைக்காரர் பழுதானதை இறக்குமதியாளருக்கு அனுப்புகிறார். இறக்குமதியாளர் உற்பத்தியாளரிடம் கேட்கிறார். உற்பத்தியாளர் பொருளுக்குப் பொருளே கொடுப்பாராயின், பழைய ரூபாவை எமக்குத் தந்துவிட்டுப் புதிய தட்டைத் தாம் வைத்துக்கொள்பவருக்கு நட்டம் எங்கே? 15,000 ரூபாவுக்கு மேல் இலாபமன்றோ! இதை நாம் குற்றச்சாட்டாக எழுதவில்லை, வினாவாகவே எழுதினோம். 'எமது தட்டு இறக்குமதியாளரிடம் அனுப்பப்பட்டதா? அனுப்பப்பட்டதாயின் மாற்றுத் தட்டு வரும்வரை காத்திருக்கச் சம்மதம்.' காத்திருக்கச் சம்மதம் என்னும் அந்தச் சொற்களை எழுதும்போது மகனைக் கேட்டே எழுதினோம், காத்திருப்பவன் அவனல்லவா? அவனுக்குப் பரீட்சை 2023 ஜனவரி 23 ஆம் திகதி தொடங்கவிருந்தது. "பழைய தட்டோடையே சமாளிக்கிறன்" என்றான்.

ஒக்டோபர் மாதத்திலே மாற்றுத் தட்டு வந்தது. வேறு உற்பத்தியாளருடையது, கொள்ளளவு அதே. புதிய தட்டுக்குப் புதிய உத்தரவாதம் இல்லை, பழையதன் மிச்சமே என்று எழுதியிருந்தார்கள். அந்த மிச்சமும் 2025 ஜனவரியிலே முடிந்தது. தட்டு இன்றும் ஓடுகின்றது. யூ.பி.எஸ்.ஸுக்கு மின்கலம் போட்டுவிட்டோம்.

கதையைக் கேட்டு முடித்த மாணவர், "அப்ப சேர், நானும் சாமானாய்த்தான் கேட்கவோ?" என்றார். அவருடைய நிலை எம்முடையதிலும் நல்லது. பழுதைக் கடைக்காரரே ஒப்புக்கொண்டார். ஆனால் அவருக்கு அந்த நினைவகம் இன்றே வேண்டும். ஆய்வுக் கட்டுரையின் கணிப்புக்கள் அரைகுறையாய் நிற்கின்றன. காத்திருக்க முடியாதவனுக்குக் காத்திருக்கச் சொல்லும் உரிமை எமக்கில்லை. ஆகவே, இரண்டையும் கேட்கச் சொன்னோம்: இறக்குமதியாளரிடமிருந்து மாற்று எப்போது வரும் என்பதற்கு எழுத்திலே ஒரு திகதி, அத்திகதிக்குள் வராதாயின், அன்று கட்டிய பணமன்று, அன்றைய விலை. இரண்டாவதைக் கொடுப்பார்களா என்பது ஐயமே. கேளாமல் விடுவதற்கு அது காரணமன்று.

எமது மேசையிலேயே அமர்ந்து கடிதத்தை எழுதினார். இரண்டு துண்டுகளையும் தனித்தனியே பொருத்திச் சோதித்த திகதிகளையும், எது நல்லது எது பழுது என்பதையும் சேர்க்கச் சொன்னோம். பெட்டியை எறிந்துவிட்டாராம், பற்றுச்சீட்டு மின்னஞ்சலிலே இருந்தது. மாமனார் சாய்மனைக் கதிரையிலிருந்து எழுந்து வந்து, கடிதத்தை வாங்கி, தூரத்தே பிடித்துப் படித்தார். திகதி போடப்படவில்லை என்றார். போட்டபின் மறுபடி வாங்கிப் படித்தார்.

செவ்வாய்க்கிழமை அனுப்பியாயிற்று. பதில் இன்னும் வரவில்லை. பதிவுத் தபாற் சிட்டையைத் தம்மிடம் கொண்டுவந்து காட்டும்படி மாமனார் அந்தப் பிள்ளைக்கு இரண்டு தரம் சொல்லியனுப்பிவிட்டார்.